தப்பு டீச்சர்

எங்கள் வட்டாரத்து வாத்தியார்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் தப்பு டீச்சர். நேரில் மேடம் என்பார்கள்; அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் தப்பு டீச்சர். அவருக்கும் அது தெரியும். ஒருமுறை கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் பின்னால் நிற்பது தெரியாமல் ஒருவர் சத்தமாகவே சொல்லிவிட்டார். "பேரு நல்லாத்தான் இருக்கு. வச்சவுகளுக்கு ஒரு வடை குடுங்கப்பா" என்றார் டீச்சர். சிரிக்கக்கூட இல்லை.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும், பள்ளிகளின் விவரங்களைத் திரட்டி மேலே அனுப்பவும் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு மையம் வைத்திருந்தார்கள். டீச்சர் அங்கே பயிற்றுநர். ஆண்டிபட்டிக்காரர், நாற்பதைத் தாண்டியவர், உயரம், எப்போதும் நூல் சேலை. எத்தனை பிள்ளைகள், எத்தனை அறைகள், குழாயில் தண்ணீர் வருகிறதா, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டுப் படிவம் படிவமாக வரும். அதோடு மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கணக்குத் தாள் கொடுத்து வருஷத்துக்கு இரண்டு தேர்வு. மேலிடம் கேட்டது மதிப்பெண்ணை மட்டும்தான். டீச்சர் கேட்டது வேறு. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு கேள்விக்கும் என்ன எழுதியதோ அதை அப்படியே கட்டத்தில் எழுதி அனுப்பவேண்டும் என்றார்.

"தப்பா இருந்தா தப்புன்னு போட்டு அனுப்பாதீக. பிள்ளை என்ன எழுதிச்சுன்னு எழுதுங்க. சரியா எழுதுனதுல எனக்கு ஒண்ணும் தெரியலை. தப்புலதான் அது எப்படி ரோசிச்சுச்சுன்னு தெரியும்."

சலித்துக்கொண்டே எழுதினோம். மையத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழையவேண்டிய ஓர் அறையில் கணினி இருந்தது. வட்டாரத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானவர்களின் விடைகளும் அதற்குள் போயின. மற்ற வட்டாரங்களிலும் ஆள் பிடித்து இதேபோல் வாங்கினார். இரண்டு ஓரமும் துளை போட்ட நீளத் தாளில் அவற்றை அச்செடுத்துப் பையில் வைத்திருப்பார். தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் அதை மடியில் விரித்து, விரல் வைத்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வருவார். ஒருநாள் நடத்துநர் கேட்டார். "லாட்டரியைத்தான் நிப்பாட்டிட்டாகளே டீச்சர், இன்னும் என்ன ரிசல்ட்டுப் பாக்குறீக?"

நான் தேவாரத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஆசிரியராக இருந்தேன். மூன்று ஆசிரியர்கள் வேலை பார்த்த தொடக்கப்பள்ளி. நான்தான் கடைசியாக வந்தவன். நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்தினேன்.

டீச்சர் முதல்முறை என் வகுப்புக்கு வந்தபோது கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் எவ்வளவு?

"உங்க வகுப்புல இதைத் தப்பா எழுதுனவுகள்ல முக்காவாசிப் பேரு முப்பத்தஞ்சுன்னு எழுதியிருக்காக சார். ஏன்?"

"கவனக்குறைவு டீச்சர். சொன்னாக் கேக்குறதில்லை."

"கவனக்குறைவுன்னா ஆளுக்கொரு விடை வரணும்ல? இம்புட்டுப் பேரு எப்படி ஒரே விடைக்கு வந்தாக?"

 அவர் முன்வரிசைப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, "நீ எப்படிப் போட்டேன்னு சொல்லு ஆத்தா" என்றார்.

"ரெண்டுல ஏழு போகாது டீச்சர். அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சேன். பெரிசுலருந்து சின்னதைத்தான் கழிக்கணும்னு சார் சொல்லியிருக்காக."

நான் சொல்லியிருந்தேன். அந்த வருஷம் மட்டுமில்லை, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.  டீச்சர் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆண்டிபட்டியிலருந்து கூடலூர் வரைக்கும் இதே முப்பத்தஞ்சுதான் சார். நீங்க மட்டும் இல்லை. போடிப் பக்கம் ஒரே ஒரு பள்ளிக்கூடத்துல இந்தத் தப்பே வரலை. அங்கன போயி ரெண்டு நாள் உக்காந்து பாத்துட்டு வந்தேன்."

அந்தப் பள்ளியில் ஒரு ஆசிரியை ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருந்தாராம். இரண்டில் ஏழு போகாதபோது பிள்ளைகள் ஒரு கட்டை அவிழ்ப்பார்களாம். டீச்சர் தன் பையிலிருந்து அதே மாதிரி ஐந்து கட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தார். அரை மணி நேரத்தில் என் வகுப்பில் முப்பத்தைந்து ஒழிந்தது. ஒரே வாரத்தில் வட்டாரம் முழுக்க எல்லாப் பள்ளிகளிலும் ஈர்க்குச்சிக் கட்டு வந்துவிட்டது.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். சின்னமனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்றை மந்தம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளிக்கு அச்சடித்த தாளில் ஒரு பக்கம் விடுபட்டுப்போனதால் பாதிக் கேள்விகளை வாத்தியார் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார். டீச்சர் அந்தப் பிள்ளையின் வரியைப் பார்த்தார். அச்சில் இருந்ததெல்லாம் சரி. பலகையில் இருந்ததெல்லாம் தப்பு. "மந்தம்னா ரெண்டு பக்கமும் மந்தமா இருக்கணும்ல?" என்று போன் போட்டுக் கேட்டிருக்கிறார். கண் முகாமுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தால் பிள்ளைக்குத் தூரத்தில் இருப்பது அறவே தெரியவில்லை. கண்ணாடி வந்தது.

அந்தப் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல், வெறும் தாளை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார் என்று கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.  எங்கள் பள்ளியிலிருந்து அவருக்குப் போன தாள்களில் முத்துப்பேச்சியின் தாளும் இருந்தது.

முத்துப்பேச்சி மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அவளுடைய அம்மாவோடு மலைக்குப் போய்விட்டாள். கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் அம்மாவுக்கு வேலை. அப்பா இல்லை. ஊரில் சொந்தமென்று யாரும் இல்லை. குடியிருந்த வீட்டையும் காலிசெய்துவிட்டார்கள். பள்ளி திறந்து பத்து நாள் பார்த்துவிட்டு நான் அவள் பெயரை அடிக்கப் போனேன்.

தலைமையாசிரியர் என் கையைப் பிடித்தார். "தம்பி, ஒரு பேரை அடிச்சீகன்னா பிள்ளைக எண்ணிக்கை குறைஞ்சு மூணாவது வாத்தியார் இடம் போயிரும். கடைசியா வந்தவருதான் உபரி. திரும்பவும் தருமபுரிக்கே அனுப்புவாக. வீட்டுல மாசமா இருக்காக, பாத்துக்கங்க."

தருமபுரிப் பக்கம் ஆறு வருஷம் இருந்துவிட்டு அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தேன். ஒரு பிள்ளைதானே என்று நினைத்தேன். தினமும் அவளுக்கு வருகை போட்டேன். தேர்வு வந்தபோது அவள் தாளை நானே எழுதினேன். எல்லாம் சரியாக இருந்தால் சந்தேகம் வருமென்று நடுநடுவே தப்பு விட்டேன். எழுத்தைக் கோணலாக்கினேன். அப்படி மூன்று தேர்வு. உண்மையைச் சொன்னால் மூன்றாவது முறை அது எனக்கு ஒரு விளையாட்டு மாதிரிகூட ஆகிவிட்டது.

தீபாவளிக்குச் சில வாரம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் டீச்சர் வந்தார். மினி பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"முத்துப்பேச்சி எங்கன சார்?"

"இன்னைக்கு வரலை டீச்சர்."

"காய்ச்சலா?"

"ஆமா."

"அப்ப வீட்டுக்குப் போவோம். பக்கத்துலதான இருக்கும்?"

என் மேஜையில் தாளை விரித்தார். ஒரு வரிக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"இதைப் பாருங்க. அந்தப் பழைய கணக்கை இந்தத் தடவையும் கேட்டிருந்தோம்ல? ஐம்பத்திரண்டுல இருபத்தேழு போனா முப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கா. இந்த வட்டாரத்துல வேற ஒரு பிள்ளைகூட முப்பத்தொண்ணு எழுதலை. எங்கருந்து வந்துச்சுன்னு மூணு நாளா போட்டுப் போட்டுப் பாக்குறேன், பிடிபடவே இல்லை. இது மட்டுமில்லை, இவ போட்ட ஏழு தப்பும் அப்படித்தான் சார். எதுவுமே மத்த பிள்ளைக போடுற தப்பு இல்லை. இவ ரோசிக்கிற விதமே வேறயா இருக்கு. பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு கணக்கை இவ எப்படிப் போடுறான்னு பாத்தா எனக்குப் போதும்."

அவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டு வந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பிள்ளையைப் பார்க்க ஆசையாக வந்திருந்தார்.

"அது நான் எழுதினது டீச்சர்" என்றேன். 

"நீங்க சொல்லிக் குடுத்தீகளா?"

"இல்லை. நானே எழுதினேன். பிள்ளை இங்க இல்லை."

டீச்சர் தாளை மெதுவாக மடித்தார். 

"பிள்ளை எங்கன?"

"அம்மாகூட ஏலத்தோட்டத்துக்குப் போயிருச்சு. போன வருஷக் கோடையில."

"எந்தத் தோட்டம்?"

"தெரியாது டீச்சர்."

"தெரியாதா?" என்றார். அதட்டவில்லை. அந்த ஒரு சொல்லை இன்றுவரை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தலைமையாசிரியர் ஓடி வந்தார். "ஒரு பிள்ளைதானம்மா. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் ஒண்ணு ரெண்டு அப்படி இப்படித்தான் இருக்கும்."

"எல்லாப் பள்ளிக்கூடத்துலயுமா?" என்று டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். 

முத்துப்பேச்சி மூன்றாம் வகுப்பில் தன் கையாலேயே எழுதிய தாள் இருக்கிறதா என்று டீச்சர் கேட்டார். பீரோவில் தேடி எடுத்துக் கொடுத்தேன். இருநூற்று நான்கு என்பதை எண்ணால் எழுதச் சொன்ன கேள்விக்கு, இருநூறை எழுதி அதன் பக்கத்திலேயே நான்கைப் போட்டு, 2004 என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதன்மேல் விரலை வைத்தார்.

"இது பிள்ளை. காதுல விழுந்தபடி எழுதியிருக்கா. இவளை மாதிரி இந்தப் பக்கம் எம்புட்டோ பிள்ளைக இப்படித்தான் எழுதுது." அந்தத் தாளைக் கேட்காமலே பைக்குள் வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை வெள்ளன போடிக்கு வந்துருங்க. தேடிப் பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை போடியிலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் நாங்களும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். வளைவுக்கு வளைவு டீச்சர் பக்கத்தில் இருந்த பெண்களிடம் கேட்டுக்கொண்டே வந்தார். எந்த ஊர், கூட யார், பிள்ளை உண்டா, படிக்கிறதா? மலையுச்சியில் போடிமெட்டு தாண்டியதும் பனி வந்து ஜீப்புக்குள் புகுந்துகொண்டது. பூப்பாறைப் பக்கம் இறங்கி இரண்டு தோட்டங்களில் கேட்டோம். தெரியவில்லை. மூன்றாவது தோட்டத்தில் கங்காணி தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த ஒரு லயத்தைக் கைகாட்டினார்.

முத்துப்பேச்சியின் அம்மா வாசலில் விறகு உடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"சாரா? இம்புட்டுத் தூரம் வந்துருக்கீக."

"பேச்சியைப் பாக்க வந்தோம்" என்றார் டீச்சர்.

அந்தம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ போயிட்டாளே. ஆடி மழையில. நாலு நாள் காய்ச்சல். ஜீப்பு கெடைக்கலை, பாதையெல்லாம் சரிஞ்சு கெடந்துச்சு. ஊருக்குத் தூக்கிட்டு வரவும் வழி இல்லை. இங்கனதான் வச்சுட்டோம்."

நான் முப்பத்தொன்று என்று எழுதியபோது அவள் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

டீச்சர் விறகின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தம்மாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, குறையாகச் சொல்லாமல், நடந்ததைச் சொல்கிற மாதிரியே சொன்னார்.

"தை மாசம் ரெண்டு டீச்சருக ஜீப்புல வந்தாக. படிக்காத பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயி அங்கனயே தங்கவச்சுப் படிக்க வைக்கப் போறோம்னாக. பக்கத்து லயத்துல ரெண்டு பிள்ளையைக் கூட்டிட்டுப் போனாக. இவளும் துணியைக் கட்டிக்கிட்டு வந்து நின்னா. பேரை வாசிச்சாக. இவ பேரு அதுல இல்லை. உம் பிள்ளை உங்க ஊருப் பள்ளிக்கூடத்துல படிக்குதுன்னு எழுதியிருக்கேம்மா, போயி விசாரிச்சுட்டு வர்றோம்னு சொல்லிட்டுப் போனாக. மறுபடி வரலை. ஒரு வாரம் அந்தத் துணியை அவுக்காமயே வச்சிருந்தா."

விசாரிக்க வந்தார்கள். எனக்கு நினைவிருந்தது. பை மாட்டிய இரண்டு பெண்கள் ஒரு மத்தியானம் வந்து முத்துப்பேச்சி என்று ஒரு பிள்ளை இங்கே படிக்கிறதா என்று கேட்டார்கள். நான்தான் பதிவேட்டை விரித்துக் காட்டினேன். ஒரு நாள்கூட விடாமல் வருகை போட்டிருந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

கிளம்பும்போது அந்தம்மா கேட்டார். "இன்னும் அவ பேரு பள்ளிக்கூடத்துல இருக்கா சார்?"

"இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும். அடிச்சிறாதீக."

இறங்கும் ஜீப் போடிமெட்டைத் தாண்டியது. டீச்சர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவுக வாசிச்ச பட்டியலை எடுத்துக் குடுத்தது நான் சார். வீடு வீடா எடுத்த ஊர்க் கணக்குல இருக்குற பேருலருந்து, பள்ளிக்கூடத்துல இருக்குற பேரைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் கழிச்சேன். ஒரே நாள்ல வந்துருச்சு. பெருமையா இருந்துச்சு எனக்கு. ஒரு தடவைகூட ஏறி வந்து பாக்கலை."

அதற்குப் பிறகு அவர் பழைய ஆளாக இல்லை. பள்ளி பள்ளியாகப் போனார். கணக்குத் தாளை விரிப்பதற்கு முன்னால் வகுப்பில் நின்று தலைகளை எண்ணுவார். ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லி, எழுந்து நிற்கிற பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். யாரும் எழுந்து நிற்காத பெயர்கள் நிறைய வந்தன. கணினியிலிருந்து அந்த வரிகளைத் தன் கையாலேயே நீக்கினார். ஒரு குறிப்பேட்டில் அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டு, விடுமுறை நாட்களில் மலைக்கு ஏறினார். சில பிள்ளைகளைக் கூட்டிவந்தார். சில பிள்ளைகள் கிடைக்கவில்லை. முத்துப்பேச்சியின் பெயரில் நான் எழுதிய மூன்று தாள்களும் போயின. அவள் எழுதிய 2004 மட்டும் இருந்தது. அடுத்த வருஷம் எங்களுக்குக் கொடுத்த பயிற்சிக் கையேட்டில், பெயரில்லாமல், அந்தத் தாளின் படத்தைப் போட்டு, இப்படி எழுதும் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.

பல பள்ளிகளில் ஆசிரியர் இடங்கள் போயின. என் இடமும் போனது. என்னை வைகை அணைக்குப் பக்கம் மாற்றினார்கள். ஆசிரியர் சங்கத்தில் அவர்மேல் மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நான் போடவில்லை, ஆனால் போடாததைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு என்ன இருக்கிறது? அவரை மையத்திலிருந்து எடுத்து ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கணினி அறைக்குள் அவர் பிறகு போகவே இல்லை என்று சொன்னார்கள். சில வருஷம் கழித்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். என்னைப் பற்றி மேலே அவர் எவ்வளவோ எழுதியிருக்கலாம். எழுதியது ஒரு வரிதான்: அந்தப் பள்ளியின் ஆசிரியர் தானாகவே ஒப்புக்கொண்டார் என்று. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, மலையிலிருந்து இறங்கிய மறுநாள், அந்தத் திங்கட்கிழமை காலை. எனக்கு முன்னால் வந்து வகுப்பில் உட்கார்ந்திருந்தார். நான் பதிவேட்டை விரித்துச் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"கோடு போட்டு அடிக்க வேணாம் சார். அந்தம்மா கேட்டுக்கிருச்சு. பேருக்கு நேரா நடந்ததை எழுதுங்க" என்றார். பிறகு, "அதுக்கு முன்னாடி ஒரு தடவை கூப்புடுங்க" என்றார்.

ஒன்றரை வருஷம் வருகை போட்டிருந்தேனே தவிர, அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். அன்று கூப்பிட்டேன்.

"முத்துப்பேச்சி."

ஐந்தாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து நின்றாள்.

"அவ ஏலத்தோட்டத்துல இருக்கா சார். தீவாளிக்கு வந்துருவா."

"யாரு சொன்னா ஆத்தா?" என்று டீச்சர் கேட்டார்.

"யாரும் சொல்லலை டீச்சர். பரீட்சைப் பேப்பர் கட்டுல அவ பேப்பர் இருந்துச்சு. நான் பாத்தேன். அவ வர்றதா இருக்கப்போயித்தான சார் பேப்பரை எடுத்து வச்சிருக்காக?"

 டீச்சர் எழுந்து அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். அவளையும் கையைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டார். அங்கிருந்தே என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார்" என்றார்.